கொடுத்த பெயரை எடுத்துக்கொள்வது

சத்யராஜுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதை யாரும் எழுதித் தர வேண்டாம், முத்திரை வைக்க வேண்டாம். அவன் குழந்தையின் காதருகே குனிந்து, 'கொடுத்த பெயரை எடுத்துக்கொண்டேன்' என்று ஒரு மனிதர் சொன்னால் போதும். டீ ஆறுவதற்குள் முடிகிற காரியம். ஆனால் அந்த மனிதர் முகில்முடி மரபுக் காப்பு மன்றத்தின் தலைவர். அதனால் காபிச் செடி பூத்து, பூ உதிர்ந்து, பிஞ்சு பிடித்த பிறகும் காரியம் முடியவில்லை.

மன்றத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் சாலையில், சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் ஒரு பழைய பங்களா இருக்கிறது. அதில் ஞானசுந்தரம் என்ற எழுத்தாளர் குடியிருந்தார். சேலத்தில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றதும் மலைக்கு வந்தவர். மழைக்காலத்தில் கரண்ட் போன சாயங்காலங்களில் பொழுது போகாமல் ஒரு ராஜா கதை எழுத ஆரம்பித்தார். மேகத்தைக் கிரீடமாகச் சூடிய ஒரு வம்சம், பேசுகிற யானை, மின்னலை விழுங்கிய மூதாதை, இப்படி. 'முகில்முடி' என்று பெயர் வைத்தார். யாரும் எதிர்பாராதபடி அது ஓடிவிட்டது. ஒன்பது பாகங்கள் வந்தன. டிவி தொடராகவும் எடுத்தார்கள். சனி ஞாயிறுகளில் ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரியில் படகு விட்ட கையோடு பங்களா வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

முதல் பாகத்தில் ஒரு பக்கத்தை நிரப்ப வேண்டியிருந்தபோது ஞானசுந்தரம் ஒரு வரி எழுதினார். அரச வம்சத்தில் பிறக்கும் குழந்தைக்கு ஆதிகாலத்து மூதாதை ஒருவரின் பெயரையே சூட்ட வேண்டும், அதுவும் அந்தப் பெயரில் வேறு யாரும் உயிரோடு இருக்கக் கூடாது என்று. எழுதும்போது நன்றாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டு பாகம் போனதும் அவரே பின்பாதியை மறந்துவிட்டார். நாலைந்து பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன. தாத்தா வேங்கைநாடன், பேரன் வேங்கைநாடன், எதிரி நாட்டு மைத்துனனும் வேங்கைநாடன். ஏழாம் பாகத்தில் வேங்கைநாடன் வேங்கைநாடனை வெட்டிச் சாய்த்தபோது, செத்தது யார் என்று கேட்டு வாசகர்கள் பங்களாவுக்கே வந்துவிட்டார்கள். ஞானசுந்தரத்துக்கும் தெரியவில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காக வாசகர்கள் சிலர் கூடி மன்றம் தொடங்கினார்கள். குழப்பம் தீர்ந்துவிட்டால் மன்றத்துக்கு வேலை இருக்காது என்பது இரண்டாவது கூட்டத்திலேயே புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் தீர்ப்பதை விட்டுவிட்டுக் காப்பதில் இறங்கினார்கள். மூதாதையர் பெயர்கள் அனைத்தும் மன்றத்தின் பொறுப்புக்கு வந்தன. எந்தக் கதாபாத்திரத்துக்கு எந்தப் பெயர் என்று மன்றம் தீர்மானிக்கும். ஆசிரியர் விரும்பினால் விண்ணப்பிக்கலாம். பங்களாவின் பெரிய கூடம் மன்ற அலுவலகம் ஆயிற்று. ஞானசுந்தரம் சமையலறைக்குப் பக்கத்து அறைக்கு இடம் மாறினார்.

தலைவர் ஹரிஹரன், ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தலைவரான நாள் முதல் ராஜா கதைத் தமிழில்தான் பேசுவார். காபி வேண்டும் என்றால் கூட 'பருகுவோம்' என்பார். செயலாளர் காமாட்சி சேலத்தில் டியூஷன் சென்டர் நடத்துகிறவர். கூட்டத்தில் யாராவது குறுக்கே பேசினால் அடிக்க ஒரு வெண்கல மணி வைத்திருந்தார். யாரும் குறுக்கே பேசாத நாட்களிலும் ஒருமுறை அடித்துப் பார்த்துக்கொள்வார்.

ஒன்பதாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் ராணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பத்தாம் பாகம் அவனுக்குப் பெயர் சூட்டுவதில் ஆரம்பிக்க வேண்டும். மன்றம் கூடியது, கலைந்தது, மறுபடி கூடியது. கதையில் இளவரசன் தொட்டிலிலேயே கிடந்தான். ஞானசுந்தரம் முதல் வரியைத் தாண்டவில்லை.

சத்யராஜ் இந்த மன்றத்தின் ஜீப் டிரைவர். சேலம் ஜங்ஷனிலிருந்து உறுப்பினர்களை ஏற்றிக்கொண்டு வந்து, கூட்டம் முடிந்ததும் இறக்கிவிடுவான். எது சொன்னாலும் "சரிங்க" என்பான். நாகலூரில் எஸ்டேட் லைன் வீட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டியவற்றில் ஒன்றில், குடியிருந்தான். பெண்டாட்டி சுதாராணி அதே எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கப் போகிறவள். ஐப்பசியில் அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். பையனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மே மாதம் மலை உச்சியில் சேர்வராயன் கோயில் திருவிழாவில், ஊர் வழக்கில் நோம்பியில் வைத்து, செத்துப்போன தாத்தாவின் பெயரை வைப்பதாக இருந்தார்கள். அதுவரை அவன் 'சாமி', இல்லாவிட்டால் 'கண்ணு'.

தாத்தாவின் பெயர் சென்றாயன், மலைச் சாமிக்கு ஊரில் வழங்கும் பெயர். எஸ்டேட்டில் வாட்ச்மேனாக இருந்தவர், குழந்தை பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் காலமானார். அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது சத்யராஜ் அல்ல, சுதாராணி. மசக்கையில் அவளுக்குச் சோறு இறங்காத நாட்களில், மாமனார் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, சுளை சுளையாகப் பிரித்து, விதையெல்லாம் எடுத்துவிட்டு, தட்டைக் கதவோரம் வைப்பார். மருமகளோடு நேருக்கு நேர் பேசிப் பழக்கமில்லாத மனிதர். ஓர் இருமல் இருமிவிட்டுப் போய்விடுவார். அந்த இருமல் கேட்டால் தட்டு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் அந்தப் பெயரை அவள் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். நாகலூர் டீக்கடைக்காரர் பெயரும் அதுவே என்பதால், அந்தக் கடைக்குக் கூட அவள் 'பஸ் நிக்கிற எடத்துக் கடை' என்றுதான் சொல்வாள்.

தை மாதத்தில் ஒரு நாள், ஜீப் கொண்டை ஊசி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தபோது ஹரிஹரன் கேட்டார்.

"சத்யராஜ், உமது இல்லத்தில் ஆண் மகவு ஒன்று உண்டல்லவா?"

"இருக்குதுங்க ஐயா. இப்பத்தான் கவுந்து படுக்குதுங்க."

"நல்லது. இளவரசனின் பெயர்சூட்டு விழாவுக்கு ஓர் ஒத்திகை பார்க்கிறோம். வெறும் தொட்டிலை ஆட்டினால் மரபு சிரிக்கும். உமது மகவைச் சற்று நேரம் கிடத்தித் தர வேண்டும்."

"சரிங்க" என்றான் சத்யராஜ். படம் எடுப்பார்கள் என்று நினைத்தான். சுதாராணி பையனுக்குப் புதுச் சட்டை போட்டு, கன்னத்தில் மை வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

கூடத்தில் மரத் தொட்டில், தெர்மகோல் கிரீடம், வாடகைக்கு எடுத்த பேரிகை எல்லாம் தயாராக இருந்தன. காமாட்சி மணியை அடித்துவிட்டுப் பேசினார். "மூதாதையின் பெயரைக் குழந்தைக்கு ஏன் சூட்டுகிறோம்? குழந்தை அந்தப் பெயருக்கு ஏற்றபடி வளர வேண்டும் என்றா? இல்லை. வளர்வது குழந்தையின் சொந்த விஷயம். புதிதாக ஒரு பெயர் வைத்தால் அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று நாம் யோசிக்க வேண்டிவரும். பழைய பெயருக்கு அந்தத் தொல்லை கிடையாது." கை தட்டினார்கள். பையன் பட்டுத் துணியின் குஞ்சலத்தைச் சப்பிக்கொண்டிருந்தான்.

ஹரிஹரன் எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். ஒத்திகை என்றாலும் அவருக்கு முறை முறைதான். பையனின் நாக்கில் தேன் தொட்டு வைத்தார். சுதாராணி என்ன ஏது என்று நிமிர்வதற்குள், குனிந்து அவன் வலது காதில் மூன்று முறை சொல்லிவிட்டார்: "இடிவிழுங்கிப் பெருங்கோ. இடிவிழுங்கிப் பெருங்கோ. இடிவிழுங்கிப் பெருங்கோ." அதுதான் மின்னலை விழுங்கிய மூதாதையின் பெயர்.

சுதாராணி சத்யராஜின் முழங்கையைப் பிடித்தாள். "ஏனுங்க, நெசமாலுமே வச்சுப்புட்டாருங்க!"

"சும்மா ஒத்திகைதான் புள்ள."

"தேன வச்சு மூணு வாட்டி காதுல சொன்னா என்னங்க ஒத்திகை? அதுவும் என்ன பேருங்க அது, இடி விழன்னு வையிற மாதிரி!"

வீட்டுக்கு வந்தும் அவள் சாப்பிடவில்லை. மறுநாள் இரண்டு பேரும் சேர்வராயன் கோயில் பூசாரி கருப்பண்ணனிடம் போனார்கள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"வெளையாட்டுக்குச் சொன்னதுன்னு கொழந்தை காதுக்குத் தெரியுமா? பேரு உள்ள போயிருச்சு. ஒண்ணும் பயப்படாதீங்க. கொடுத்தவரு வாயாலயே 'எடுத்துக்கிட்டேன்'னு கொழந்தை காதுல சொல்லச் சொல்லுங்க. அப்பறம் நோம்பிக்கு வாங்க, நம்ம பேர வச்சுக்கலாம்."

அவ்வளவுதான் விஷயம். ஒரு வாக்கியம். சத்யராஜ் அன்றைக்கே ஹரிஹரனிடம் சொன்னான். அவர் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்தபடி கண்களை மூடிக்கொண்டு கேட்டார்.

"சத்யராஜ், பெயரைக் கொடுத்தது யார்?"

"நீங்கதானுங்க ஐயா."

"பிழை. கொடுத்தது மன்றம். அன்று அசைந்தது என் வாய்தான், ஆனால் அது மன்றத்தின் வாய். மன்றத்தின் வாயைத் திறக்க வேண்டுமானால் தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்குக் கூட்டம் வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் துணைக்குழு ஆராய வேண்டும். நானாக வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் நாளை யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்றாகிவிடாதா?"

"ஒத்திகைன்னுதானுங்களே சொன்னீங்க?"

"ஒத்திகை என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினோம். அவ்வளவு சிறப்பாக அமையும் என்று நாங்களே எதிர்பார்க்கவில்லை."

சத்யராஜ் "சரிங்க" என்றான். 

மன்றத்துக்கும் இதில் சிக்கல் இருந்தது. ஒரு பெயரில் யாராவது உயிரோடு இருந்தால் இளவரசனுக்கு அதைச் சூட்ட முடியாது. ஆசிரியர் மறந்ததை மன்றம் மறக்கவில்லை. இப்போது இடிவிழுங்கிப் பெருங்கோ நாகலூரில் ஒரு லைன் வீட்டில் உயிரோடு, எச்சில் ஒழுக இருந்தார். எடுத்துக்கொள்வது மன்றத்துக்கே நல்லதுதானே என்று ஞானசுந்தரம் பின்னறையிலிருந்து வந்து மெதுவாகக் கேட்டார். ஆசிரியருக்கு மரபில் அனுபவம் போதாது என்று சொல்லி அவரை உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

பெயர் மீட்புத் துணைக்குழு அமைய மாசி முழுவதும் ஆயிற்று. பங்குனியில், காபியைப் பூக்க வைக்கும் பூ மழை பெய்து எஸ்டேட் முழுக்கக் காபிப் பூ வெள்ளையாக நின்றபோது, அவர்கள் நாகலூருக்கு வந்தார்கள். பெயர் குழந்தையிடம் படிந்துவிட்டதா, மேலாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். மேலாக இருந்தால் எடுப்பது சுலபம். காமாட்சி வாசலில் நின்று "இடிவிழுங்கிப் பெருங்கோ!" என்று கூப்பிட்டார். பையன் திரும்பவில்லை. தண்ணீர்க் குழாயடிக்குப் போய் அங்கிருந்து கூப்பிட்டார். லைன் வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். பையன் கால் கட்டைவிரலைப் பிடிப்பதில் மும்முரமாக இருந்தான். அந்த நேரம் பார்த்து சத்யராஜ் ஜீப் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். சாவிக்கொத்து சத்தம் கேட்டதும் பையன் கழுத்தைத் திருப்பிச் சிரித்தான்.

"செவி சாய்த்தார்!" என்று காமாட்சி கத்தினார். துணைக்குழு எழுந்து நின்றது.

"அது சாவிக்குத் திரும்புச்சுங்க" என்றாள் சுதாராணி.

"தாங்கள் தாய். தங்களுக்குப் பாரபட்சம் இருக்கும்" என்றார் காமாட்சி.

படிந்துவிட்டது என்று முடிவாகியதும் வேறொரு தொல்லை தொடங்கியது. மூதாதையின் பெயர் படிந்தவருக்கு மூதாதைக்குரிய மரியாதையைத் தர வேண்டும் என்று மன்றத்தில் ஒரு சாரார் சொன்னார்கள். தராவிட்டால் மன்றமே தன் பெயரை மதிக்கவில்லை என்று ஆகும். அதன் பிறகு வந்தவர்கள் செருப்பைச் சாலையிலேயே கழற்றிவிட்டு வந்தார்கள். பையன் மூத்திரம் பெய்தால் "நீர் பெய்தார்கள்" என்றார்கள். சுதாராணி அவனைக் குளிப்பாட்டும்போது அழுதால், மூதாதை ஏதோ சொல்ல வருகிறார் என்று வாசலில் வரிசையாக நின்று கேட்டார்கள். வார இறுதியில் ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் படகு, பகோடா பாயின்ட் எல்லாம் முடித்துவிட்டு நாகலூர் பஸ்ஸில் ஏறி வந்தார்கள். பையனை மடியில் வைத்துப் பால் கொடுக்கக் கூட அவளுக்குக் கதவைச் சாத்த வேண்டியிருந்தது.

கடைசியில் காமாட்சி சத்யராஜைக் கூப்பிட்டு மிகவும் மரியாதையாகச் சொன்னார். "இனிமேல் தாங்கள் ஜீப் ஓட்டுவது முறையாகாது. மூதாதையின் தந்தையிடம் 'நிறுத்து', 'திரும்பு' என்றெல்லாம் எப்படிச் சொல்வது? எங்களுக்கு நா எழவில்லை. வேறு வண்டி பேசிவிட்டோம்."

மாசச் சவாரி போயிற்று. அவன் ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜீப்பைப் போட்டுவிட்டு, வருகிறவர்களிடம் லேடீஸ் சீட் காட்சிமுனைக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றான். அவனுக்குக் கோபம் கூட வரவில்லை. களைப்பாக இருந்தது. ஒரு நாள் வீட்டுக்கு வந்து பையனைத் தூக்கினான். என்ன சொல்லிக் கொஞ்சுவது என்று யோசித்து, ஒன்றும் சொல்லாமல் கீழே விட்டான். சுதாராணி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, நோம்பி வந்துருச்சுங்க. மாமாவுக்கு இவன் வயித்துல இருக்கறப்பவே வாக்குக் குடுத்தனுங்க, பையன் பொறந்தா உங்க பேருதானுங்கன்னு. மனசுலதான் சொன்னேன். இருந்தாலும் சொன்னது சொன்னதுதானுங்களே."

"நானும் தெனமும் போய்க் கேக்கறேன் புள்ள. வெசாரணை வச்சிருக்காங்களாம். அன்னிக்கு முடிச்சுக் குடுத்தர்றாங்களாம்."

விசாரணை நோம்பிக்கு முந்தின நாள். கூடத்தில் நாற்காலிகள் போட்டு, சேலத்திலிருந்து உறுப்பினர்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். நாகலூர்க்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்து வராந்தாவில் நின்றார்கள். டீக்கடைக்காரரும் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். ஞானசுந்தரம் பார்வையாளர் வரிசையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுதாராணி பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றாள். அவள் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள், அவளுக்காக அல்ல.

ஹரிஹரன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த மன்றம் தோன்றிய நாள் முதல் ஒரு பெயரைக் கூடத் தவறாகச் சூட்டியதில்லை. இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று வெளியே வியக்கிறார்கள். எந்தப் பெயரையும் சூட்டாமல் இருந்ததால் சாத்தியமாயிற்று. முதல் முறையாக ஒரு பெயரைச் சூட்டினோம். உடனே திருப்பிக் கேட்கிறார்கள். சூட்டுவது எவ்வளவு அபாயம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை."

கை தட்டல் அடங்கியதும் அவர் சுதாராணியைப் பார்த்தார். "எனினும் மன்றம் கருணை உடையது. ஒரு பெயரை எடுத்தால் அந்த இடத்தில் வேறு பெயர் வேண்டும். பெயரில்லாத குழந்தையை விட்டுச் செல்வது மரபல்ல. மாற்றுப் பெயர் என்ன? முகில்முடி முறைப்படி அதைத் தாயின் வாயால்தான் கேட்க வேண்டும். சொல்லுங்கள், இந்தக் கணமே எடுத்துக்கொள்கிறேன்."

 சத்யராஜ் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். வேண்டிய வாக்கியம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. ஆனால் கேட்கப்பட்டவள் அதைச் சொல்ல முடியாதவள்.

"மாமனார் பேருங்க" என்றாள் சுதாராணி.

"அதாவது?"

"அதானுங்க, எங்க ஊட்டுக்காரருக்கு அப்பா. அவரு பேருங்க."

"பெயரைச் சொல்லுங்கள்."

அவள் சத்யராஜைப் பார்த்தாள். அவன் "அது வந்துங்க" என்று எழுந்தான். காமாட்சி மணியை அடித்தார். "தாய் மட்டும்."

சுதாராணி ஜன்னல் வழியாக மலை உச்சியைக் காட்டினாள். "நாங்க கும்பிடற சாமி பேருங்க."

"சாமிக்கு ஆயிரம் பெயர். எது?"

அவள் வராந்தாப் பக்கம் திரும்பினாள். "அதோ நிக்கறாருங்களே, டீக்கடைக்காரரு. அவரு பேருங்க."

காமாட்சி சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். "மாற்றுப் பெயர், டீக்கடைக்காரர். மூதாதையர் வரிசையில் இல்லை. ஏற்பதற்கில்லை."

வராந்தாவில் சிரிப்பு எழுந்தது. ஞானசுந்தரம் கையைத் தூக்கினார். "ஹரிஹரன், அந்தம்மா மாமனார் பேரைச் சொல்ல மாட்டாங்க. எங்க அம்மாவும் சொல்ல மாட்டாங்க. உங்க வீட்ல..."

மணி அடித்தது. "ஆசிரியர் பார்வையாளர்" என்றார் காமாட்சி.

ஹரிஹரன் எழுந்து நின்றார். அவர் முகத்தில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. ஒரு காரியத்தை முடிக்காமல் விடும்போதெல்லாம் அவருக்கு வரும் வருத்தம் அது. "மும்முறை கேட்டோம். தாயால் ஒரு பெயரும் கூற இயலவில்லை. ஆகவே மூதாதையின் பெயர் இம்மகவிடம் நிலைபெறுகிறது. இனி மாற்றமில்லை. இளவரசனுக்கு வேறு பெயர் தேட நோம்பி கழித்துத் துணைக்குழு அமையும்."

சத்யராஜ் வழக்கம்போல வாயைத் திறந்தான். 'சரிங்க' என்பது கூட வரவில்லை.

சுதாராணி நின்ற இடத்திலேயே நின்றாள். முதலில் தரையைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பையனை இடுப்பிலிருந்து எடுத்து நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தாள். மேலே உத்தரத்தைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போலச் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க மாமா."

பையனின் காதில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

இரண்டாம் முறை சொன்னபோது முன்வரிசைக்குக் கேட்டது. "சென்றாயா."

மூன்றாம் முறை அவள் காதில் சொல்லவில்லை. பையனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கூப்பிட்டாள். "டேய் சென்றாயா!"

காமாட்சியின் கை மணியிலேயே நின்றுவிட்டது. வராந்தாவிலிருந்து டீக்கடைக்காரர், "ஏனுங்க?" என்றார். பையன் உயரத்தில் இருந்த சந்தோஷத்தில் காலை உதைத்துச் சிரித்தான்.

சத்யராஜ் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்பாவை அந்த மாதிரி வாய் நிறைய, உரிமையோடு கூப்பிட்டது அவருடைய அம்மா ஒருத்தி. அவள் போன பிறகு வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை. மகனும் கூப்பிட முடியாது, மருமகளும் கூப்பிட முடியாது. மனிதர் பெயரே இல்லாமல் இருபது வருடம் இருமிக்கொண்டு இருந்துவிட்டுப் போய்விட்டார் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கொடுத்தவர் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லையே!" என்று ஹரிஹரன் பதறினார். "மன்றம் எடுக்காமல் தாங்கள் எப்படி..."

"நீங்களே வச்சுக்கங்க ஐயா" என்றாள் சுதாராணி. "எங்களுக்கு நேரமாச்சுங்க. நோம்பிக்கு இன்னும் ஒண்ணும் வாங்கல."

மறுநாள் கோயிலில் கருப்பண்ணன் நடந்ததைக் கேட்டார். எடுத்துக்கொண்டேன் என்று ஹரிஹரன் சொல்லவே இல்லையே, பரவாயில்லையா என்று சத்யராஜ் தயங்கினான். "மாமனார் பேரு மருமக வாயில வந்துருச்சா?" என்று பூசாரி ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு சாமி இருக்கும் குகைக்குள்ளே போய்த் தீபம் காட்டிவிட்டு வந்து, பையனின் நெற்றியில் திருநீறு பூசி, "சென்றாயன், நல்லா இரு சாமி" என்றார்.

மன்றத்தின் குறிப்பில், அன்று தாய் எழுப்பிய கூச்சல் சேர்க்கப்படவில்லை. பெயர் நாகலூரில் நிலைபெற்றிருப்பதாகவே அவர்கள் இன்னும் நம்புகிறார்கள். வரிசையில் நின்று பார்க்க ஆட்கள் வருவது மட்டும் நின்றுபோயிற்று. மூதாதையின் தந்தை என்பதால் சத்யராஜுக்கு அந்தச் சவாரி திரும்பக் கிடைக்கவில்லை. கேட்கவும் அவன் போகவில்லை.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் ஞானசுந்தரம் குடையோடு லைன் வீட்டுக்கு வந்தார். தேநீர் குடித்தபடி பெரியவரின் ஆரஞ்சுத் தட்டைப் பற்றித் தெரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் எதையோ சுற்றி வளைத்துவிட்டுக் கேட்டார்.

"அம்மா, உங்க பையன் பேரை என் ராஜகுமாரனுக்கும் வச்சுக்கட்டுமா? ரெண்டு வருஷத்துக்கு மேல தொட்டில்ல கெடக்கறான், பாவம்."

"வச்சுக்கங்க. ஊருக்குள்ளயே நாலு பேரு இருக்காங்க. உங்க பையன் அஞ்சாவது" என்றாள் சுதாராணி. "ஆனா கதையில அவங்கம்மா அவன வாய் தொறந்து கூப்பிடோணும்ங்க."

ஞானசுந்தரம் மன்றத்துக்கு விண்ணப்பித்தார். அந்தப் பெயரில் உயிரோடு இருக்கும் ஆட்களை மன்றம் எண்ணவில்லை. நாகலூர்க்காரர்கள் தாங்களாக வைத்துக்கொண்ட பெயர்களைப் பற்றி அதன் விதியில் ஒன்றுமில்லை. ஆனால் அப்படி ஒரு மூதாதை இருந்ததாகச் சான்று வேண்டும் என்று மன்றம் கேட்டது. பெயருக்குரியவர் செய்த பராக்கிரமம் என்ன, எதை விழுங்கினார், யாரை வென்றார் என்று ஹரிஹரன் நேரிலேயே விசாரித்தார்.

"கர்ப்பமா இருந்த மருமகளுக்கு ஆரஞ்சுச் சுளையில விதை எடுத்துக் குடுத்தார்" என்றார் ஞானசுந்தரம்.

 அது பராக்கிரமத்தில் சேருமா என்று ஆராயத் துணைக்குழு அமைத்திருக்கிறார்கள். துணைக்குழு இன்னும் கூடவில்லை.

பையன் நடக்க ஆரம்பித்துவிட்டான். இந்த வருஷமும் ஆரஞ்சு வந்துவிட்டது. சாயங்காலம் சவாரி முடித்து வரும் சத்யராஜ் சுளையைப் பிரித்து, விதையை எடுத்துத் தட்டில் வைப்பான். சுதாராணி வாசலில் நின்று, மண்ணைத் தின்னப் போனவனை லைன் முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவாள். பஸ் நிற்கிற இடத்துக் கடையிலிருந்து "ஏனுங்க?" என்று ஒரு குரல் வரும்.

"உங்கள இல்லீங்க" என்பாள்.